3600 ரேட்டிங் எஞ்சினும் 1500 ரேட்டிங் பையனும்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் செஸ் போட்டி நடந்தால், உள்ளே பிள்ளைகள் ஆடிக்கொண்டிருப்பார்கள், வெளியே பெற்றோர் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பில் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "எந்த எஞ்சின் சார் பெஸ்ட்டு? பையனுக்கு எதைப் போட்டுக் கொடுக்கலாம்?" எஞ்சின் என்றால் நல்ல நகர்த்தல் எது என்று கணக்குப் போட்டுச் சொல்லும் செஸ் நிரல். 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்த பிறகு இந்தக் கேள்வி கூடியது. 2024 டிசம்பரில் குகேஷ் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆன பிறகு இன்னும் கூடிவிட்டது.

பலத்தை மட்டும் கேட்டால் பதில் ஒரே சொல்லில் முடிந்துவிடும்: ஸ்டாக்ஃபிஷ். இலவசமாகக் கிடைப்பது, உலகத்திலேயே பலமானது. ஆனால் இந்தப் பதிலால் பையனுக்குப் பெரிய பிரயோஜனம் இல்லை. எஞ்சின்களின் தரப் பட்டியலில் முதல் இருபது இடங்களில் இருக்கும் எதுவும் முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சனையும் குகேஷையும் சிரமமில்லாமல் தோற்கடிக்கும். அப்படி இருக்க, முதலாவதுக்கும் பத்தாவதுக்கும் உள்ள வித்தியாசம் 1500 ரேட்டிங்கில் (ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் எண் அது) ஆடுகிறவனுக்கு எதற்கு? எஞ்சின்களை ஒப்பிட வேண்டியது வேறு இடத்தில்: ஒவ்வொன்றும் எப்படி யோசிக்கிறது, எந்த மெஷினில் ஓடும், அது காட்டும் எண்ணுக்கு என்ன அர்த்தம், எங்கே கோட்டை விடும்.

அதற்கு முன்னால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். லிச்செஸ், செஸ்.காம் இரண்டும் எஞ்சின்கள் இல்லை, இணையத்தில் ஆடுகிற தளங்கள். ஃப்ரிட்ஸ், அரீனா மாதிரியான மென்பொருளில் நாம் பார்க்கும் பலகையும் பட்டன்களும் முகப்பு மட்டுமே. எஞ்சின் என்பது பின்னால் ஓடும், பலகையே இல்லாத ஒரு சிறிய நிரல். காய்கள் இப்படி நிற்கும் நிலையில் எது நல்ல நகர்த்தல் என்று கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்லும், அவ்வளவுதான். எந்த முகப்பும் எந்த எஞ்சினோடும் பேசுவதற்கு யு.சி.ஐ. என்று ஒரு பொது ஏற்பாடு இருக்கிறது. ரூடால்ஃப் ஹூபரும், ஷ்ரெடர் எஞ்சினை எழுதிய ஸ்டெஃபான் மேயர்-காலனும் 2000-இல் உருவாக்கியது. அதனால்தான் ஒரே முகப்பில் நான்கு எஞ்சின்களை மாற்றி மாற்றி ஓட்ட முடிகிறது. லிச்செஸில் ஆட்டத்தை அலசும்போது ஓடுவது ஸ்டாக்ஃபிஷ்தான். "லிச்செஸ் நல்லதா, ஸ்டாக்ஃபிஷ் நல்லதா" என்று கேட்பதில் அர்த்தமே இல்லை.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? எல்லா எஞ்சினுக்கும் இரண்டு வேலைதான். ஒன்று தேடல்: நான் இதை நகர்த்தினால் அவர் அதை நகர்த்துவார், அப்போது நான் இது என்று முன்னால் போய்ப் பார்ப்பது. இன்னொன்று மதிப்பீடு: அப்படிப் போய் நின்ற இடத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று ஒரு எண் போடுவது. 1950-இல் கணித அறிஞர் கிளாட் ஷானன் எழுதிய கட்டுரையிலேயே இந்த இரண்டும் வந்துவிட்டன. எல்லா வழிகளையும் பார்ப்பதா, சிலதை மட்டும் தேர்ந்தெடுத்துப் பார்ப்பதா என்ற கேள்வியும் அதில் இருந்தது. அப்புறம் வந்த எல்லா எஞ்சின் சண்டையும் இந்தக் கேள்வியின் மேல்தான்.

கணக்கைப் பாருங்கள். நடு ஆட்டத்தில் ஒரு நிலையில் சராசரியாக 35 நகர்த்தல்கள் சாத்தியம். இரு பக்கமும் சேர்த்து நான்கு நகர்த்தல் தூரம் எல்லாவற்றையும் பார்த்தால் 15 லட்சம் நிலைகள். ஆல்ஃபா-பீட்டா என்ற உத்தி இதை வெட்டுகிறது. ஒரு நகர்த்தலுக்கு எதிராளியிடம் ஒரு நல்ல பதில் இருப்பது தெரிந்துவிட்டால், அவரிடம் இன்னும் எத்தனை நல்ல பதில்கள் இருக்கின்றன என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அந்த நகர்த்தலை அங்கேயே கைவிடலாம். நல்ல நகர்த்தல்களை முதலில் பார்க்கும்படி வரிசை சரியாக அமைந்தால், 15 லட்சம் சுமார் 2,450 ஆகச் சுருங்கும். விடையில் ஒரு மாற்றமும் இருக்காது.

1997-இல் நியூயார்க்கில் அன்றைய உலக சாம்பியன் காஸ்பரோவை 3.5-2.5 என்று வென்ற டீப் புளூ, நொடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்த்தது. அதற்கென்றே செய்த சிப்புகள் கொண்ட ராட்சத மெஷின் அது. 2006-இல் பான் நகரில் டீப் ஃப்ரிட்ஸ், அன்றைய உலக சாம்பியன் கிராம்னிக்கை 4-2 என்று வென்றது சாதாரணக் கணினி ஒன்றில். 2009-இல் புவனஸ் அயர்ஸில் ஒரு கைப்பேசியில் ஓடிய பாக்கெட் ஃப்ரிட்ஸ் 10 ஆட்டத்தில் 9.5 புள்ளி எடுத்துப் போட்டியை வென்றது. அதன் உள்ளே இருந்தது ஹையார்க்ஸ் எஞ்சின். பன்னிரண்டு வருடத்தில் மெஷின் சட்டைப்பைக்குள் அடங்கியது, பலமும் குறையவில்லை. வேகத்தைவிட வெட்டுவதில் வந்த கெட்டிக்காரத்தனம்தான் இதற்குப் பெரிய காரணம்.

ஸ்டாக்ஃபிஷ் இந்தக் கெட்டிக்காரத்தனத்தின் உச்சம். டோர்ட் ரோம்ஸ்டாட் எழுதிய கிளாரங் என்ற எஞ்சினை எடுத்து மார்கோ கோஸ்டால்பா 2008-இல் வளர்க்கத் தொடங்கியது அது. வரிசையில் பின்னால் வரும் நகர்த்தல்களைக் குறைவான ஆழத்தில், அதாவது கொஞ்ச நகர்த்தல் தூரத்துக்கு மட்டும் எட்டிப் பார்க்கும், சந்தேகம் வந்தால் மட்டும் திரும்பி ஆழமாகப் பார்க்கும். என் முறையை எதிராளிக்கே விட்டுக்கொடுத்தால்கூட நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று தெரிந்தால், அந்த வழியை மேற்கொண்டு ஆராயாது. இப்படிப் பல வெட்டுகள். ஒவ்வொன்றும் அபாயமானது. சரியான நகர்த்தலையே வெட்டிவிடக்கூடும். அது நடக்காமல் பார்த்துக்கொள்வது 2013-இல் தொடங்கிய ஃபிஷ்டெஸ்ட் என்ற சோதனை அமைப்பு. நிரலில் ஒரு வரியை மாற்றினாலும், உலகெங்கும் தன்னார்வலர்கள் தரும் கணினிகளில் பழையதும் புதியதும் ஆயிரக்கணக்கான ஆட்டம் ஆடும். புள்ளிவிவரப்படி முன்னேற்றம் என்று நிரூபித்தால்தான் மாற்றம் உள்ளே போகும். ஸ்டாக்ஃபிஷின் பலத்துக்கு எந்த ஒரு மேதையையும்விட இந்தச் சலிப்பான சோதனைதான் காரணம் என்பேன்.

இதிலிருந்து ஒப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. திரையில் "ஆழம் 30" என்று வருவதை வைத்து இரண்டு எஞ்சின்களை ஒப்பிட முடியாது. ஒன்று கடுமையாக வெட்டிக்கொண்டு 30-க்குப் போயிருக்கும், இன்னொன்று நிதானமாக 22-இல் நின்றிருக்கும். இரண்டாவது சொல்வது சரியாக இருக்கலாம். நொடிக்கு எத்தனை நிலை என்ற எண்ணும் அப்படித்தான்.

அந்த எண் எவ்வளவு ஏமாற்றும் என்பதை 2017 டிசம்பரில் ஆல்ஃபாஜீரோ காட்டியது. டீப்மைண்ட் நிறுவனத்தின் அந்த நிரலுக்கு விதிகளை மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். மிச்சத்தைத் தன்னோடு தானே ஆடிக் கற்றுக்கொண்டது. ஸ்டாக்ஃபிஷின் 8-ஆம் பதிப்பு ஒரு நொடிக்கு 7 கோடி நிலைகளைப் பார்க்க, இது வெறும் 80,000 பார்த்தது. 100 ஆட்டத்தில் 28 வெற்றி, 72 டிரா, தோல்வியே இல்லை. ஸ்டாக்ஃபிஷுக்குக் கொடுத்த நினைவகம் குறைவு, ஒரு நகர்த்தலுக்கு ஒரு நிமிடம் என்ற கெடு அதற்குச் சாதகமில்லை என்ற புகார்கள் எழுந்தன. நியாயமான புகார்கள்தான். ஆனால் அடுத்த வருடம் வெளியான விரிவான சோதனையில் 1,000 ஆட்டத்தில் 155 வெற்றி, 6 தோல்வி என்று வந்தபோது புகாருக்கு அதிக இடமில்லை.

ஆல்ஃபாஜீரோவை யாரும் வாங்க முடியாது, அது வெளியே வரவே இல்லை. அந்த முறையை எடுத்துப் பொதுவில் தன்னார்வலர்கள் 2018-இல் தொடங்கியதுதான் லீலா செஸ் ஜீரோ. லீலாவின் நரம்பு வலைப்பின்னல் (ஆட்டங்களில் இருந்து தானே கற்றுக்கொள்ளும் கணக்கு அமைப்பு) ஒரு நிலையைப் பார்த்ததும் இரண்டு விஷயம் சொல்லும்: எந்தெந்த நகர்த்தல் யோசிக்கத் தகுந்தது, இங்கிருந்து ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு. அதைப் பிடித்துக்கொண்டு சில வழிகளில் மட்டும் தேடும். ஷானன் சொன்ன இரண்டாவது வழி இதுதான். ஒரு சிப்பாயை விட்டுக்கொடுத்து நீண்ட காலத்துக்கு எதிராளியின் காய்களை முடக்கி வைப்பது, ஓரத்துச் சிப்பாயை ராஜாவை நோக்கி ஓட்டிக்கொண்டே போவது என்று அது ஆடும் விதத்தைப் பார்த்து கிராண்ட்மாஸ்டர்களே தங்கள் பாணியை மாற்றிக்கொண்டார்கள்.

பிறகு நடந்தது சுவாரசியமானது. ஜப்பானியச் செஸ்ஸான ஷோகிக்காக யூ நாசு 2018-இல் ஒரு சின்ன வலைப்பின்னலை உருவாக்கியிருந்தார். என்.என்.யு.இ. என்பார்கள். ஒரு காய் நகர்ந்தால் முழுவதையும் புதிதாகக் கணக்கிடாமல் மாறிய பகுதியை மட்டும் திருத்திக்கொள்ளும். அதனால் கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் சாதாரண பிராசஸரிலேயே வேகமாக ஓடும். 2020 செப்டம்பரில் ஸ்டாக்ஃபிஷ் 12 இதைச் சேர்த்துக்கொண்டது. தேடல் பழையது, மதிப்பீடு புதியது. மனிதர்கள் கையால் எழுதி வைத்திருந்த பழைய மதிப்பீடு மூன்று வருடத்தில் முழுக்கத் தூக்கி எறியப்பட்டது. இன்னொரு வேடிக்கை, ஸ்டாக்ஃபிஷின் வலைப்பின்னலைப் பயிற்றுவிக்க லீலாவின் ஆட்டங்களில் இருந்து எடுத்த தரவே பயன்படுகிறது. போட்டிக்காரர்கள் என்று நாம் ஒப்பிட்டுக்கொண்டிருக்க, அவர்களோ ஒருவர் நோட்டைப் பார்த்து ஒருவர் படிக்கிறார்கள்.

இப்போது பட்டியல்களுக்கு வருவோம். எஞ்சின்களை ஒன்றோடொன்று ஆடவிட்டு ரேட்டிங் போடும் சி.சி.ஆர்.எல். பட்டியலில் ஸ்டாக்ஃபிஷ் 3600-ஐத் தாண்டி நிற்கிறது. கார்ல்சனின் உச்சம் 2014-இல் தொட்ட 2882. இரண்டையும் கழித்து 700 புள்ளி வித்தியாசம் என்று சொல்வது தவறு. ரேட்டிங் போடும் எலோ கணக்கு ஒரே கூட்டத்துக்குள் ஆடுகிறவர்களை ஒப்பிடுவதற்கானது. எஞ்சின்கள் எஞ்சின்களோடு மட்டுமே ஆடி வாங்கிய புள்ளி அது. 100 புள்ளி கூடுதல் என்றால் நூற்றுக்கு 64 எடுப்பார் என்று எதிர்பார்க்கலாம், அவ்வளவுதான். டி.சி.இ.சி. என்ற எஞ்சின் போட்டியை இணையத்தில் பார்க்கலாம். 2019, 2020-இல் லீலா இரண்டு முறை அதை வென்றது, அதற்கப்புறம் தொடர்ந்து பல சீசன்கள் ஸ்டாக்ஃபிஷ்தான். அதன் இறுதிச் சுற்று 100 ஆட்டம். தொடக்கத்தை எஞ்சின்கள் தேர்வு செய்ய முடியாது. வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்ந்த நிலைகளை நடத்துகிறவர்கள் கொடுப்பார்கள், ஒவ்வொன்றையும் நிறம் மாற்றி இரண்டு முறை ஆட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் அநேகமாக எல்லா ஆட்டமும் டிராவில்தான் முடியும். உச்சத்தில் இருக்கும் எஞ்சின்களின் பலத்தில் உள்ள வித்தியாசத்தைக் காட்டவே இவ்வளவு ஏற்பாடு தேவைப்படுகிறது.

நம் ஊருக்கு இதைவிட முக்கியம் மெஷின். லீலாவுக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும். அது இல்லாத கணினியில் அதன் பலம் வெகுவாகக் குறைந்துவிடும். ஸ்டாக்ஃபிஷ் அப்படி இல்லை. 2011 முதல் அரசு பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினி குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் எத்தனையோ வீடுகளில் அக்காவிடமிருந்து தம்பிக்கு வந்திருக்கிறது. அதில்கூட நொடிக்குச் சில லட்சம் நிலைகள் பார்க்கும், அது போதும். கைப்பேசியில் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு சங்கதி. வேலூரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும். எஞ்சின் பிராசஸரை முழு மூச்சில் இயக்குவதால் போன் சூடாகும், சூடானால் போன் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் ஒரு நிமிடத்தில் வந்த ஆழம் மதியம் வராது. பழைய போனில் அரை மணி நேரம் ஓட்டி பேட்டரியைப் பாழாக்க வேண்டாம். லிச்செஸில் ஆட்டத்தை ஏற்றி அலசச் சொன்னால் அவர்கள் பக்கத்துக் கணினிகளே வேலையைச் செய்து தரும், காசும் கேட்காது.

அந்த அலசலில் வரும் எண்ணைத்தான் பிள்ளைகள் தவறாகப் படிக்கிறார்கள். +1.00 என்றால் ஒரு சிப்பாய் கூடுதல் என்பது பழைய அர்த்தம். 2022 இறுதியில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல், தனக்கு எதிராகத் தானே ஆடினால் ஜெயிக்க 50 சதவீத வாய்ப்பு, மிச்சம் அநேகமாக டிரா என்ற பொருளில் அந்த எண் அளவிடப்படுகிறது. தனக்கு எதிராகத் தானே என்பதைக் கவனிக்க வேண்டும். லிச்செஸ் 2300 ரேட்டிங் ஆட்டக்காரர்களின் ஆட்டங்களை வைத்துப் போட்ட கணக்கில், சமநிலைக்கு 50 என்று வைத்தால், அதே +1.00 சுமார் 59 சதவீதமாகத்தான் வருகிறது. 1500-இல் இன்னும் கீழே இறங்கும். ஐம்பத்தொன்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் இருக்கும் சமாச்சாரத்துக்காக ஒரு பையன் "நான் இங்கே தோத்துட்டேன்" என்று அழுவது அநியாயம்.

சிங்கப்பூரில் பட்டத்தை முடிவு செய்த குகேஷ்-டிங் லிரென் 14-ஆவது ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், ஆனாலும் டிரா என்றே எஞ்சின்கள் சொல்லிக்கொண்டிருந்தன. 55-ஆவது நகர்த்தலில் டிங் யானையை நகர்த்திய கணமே மதிப்பீட்டுப் பட்டை அப்படியே சரிந்தது. யானையும் பிஷப்பும் மாற்றிக்கொள்ளப்பட்டு, சிப்பாய்கள் மட்டும் மிஞ்சும் தோற்ற ஆட்டம் ஆகிவிடும் என்று எஞ்சினுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. அதற்கு முன்னால் பல மணி நேரம் அந்த எண் சொல்லாதது ஒன்று இருந்தது: டிங் களைத்திருந்தார், தப்பு செய்யக்கூடிய நிலையில் குகேஷ் அவரை உட்கார வைத்திருந்தார். எஞ்சினின் மதிப்பீட்டில் களைப்புக்கு இடமில்லை. டிரா என்று எண் சொன்னதும் கை குலுக்கிவிடுகிற பழக்கம் நம் பிள்ளைகளுக்கு வருவது இதைப் புரிந்துகொள்ளாததால்தான்.

எஞ்சின்களே ஏமாறும் இடங்களும் உண்டு. எதிராளியிடம் படை அதிகம் இருந்தும் உள்ளே நுழைய வழியே இல்லாத அரண் நிலைகள் அதில் ஒன்று. வேலூர் கோட்டையின் அகழி முன்னால் பெரிய படை நின்றுகொண்டிருப்பது மாதிரி. பார்க்கும் மனிதருக்கு டிரா என்று புரியும், ஆழத் தேடும் எஞ்சினோ காய்களை அங்குமிங்கும் நகர்த்திக்கொண்டே +3 என்று சொல்லிக்கொண்டிருக்கும். என்.என்.யு.இ. வந்த பிறகு இது குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. லீலாவின் பலவீனம் வேறு. வலைப்பின்னல் ஒரு நகர்த்தலை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட்டால், அதற்குப் பின்னால் ராணியைப் பலி கொடுத்து மேட் இருந்தாலும் கண்ணில் படத் தாமதமாகும். ஜெயிக்கும் ஆட்டத்தில் லீலா செய்யும் வேடிக்கை பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். வாய்ப்பு 99 சதவீதம் வந்துவிட்டால் சீக்கிரம் முடிக்க அதற்கு அவசரமே இல்லை, சும்மா காய்களை நகர்த்திக்கொண்டிருக்கும்.

காய்கள் ஏழாகக் குறைந்துவிட்டால் யோசிக்கவே தேவையில்லை. எல்லா நிலைகளும் கணக்கிடப்பட்டுப் பட்டியலாக இருக்கின்றன. ரொனால்ட் டி மான் உருவாக்கிய சிசிஜி பட்டியலில் ஆறு காய் வரை சுமார் 150 ஜி.பி., ஏழு காய் என்றால் சுமார் 17 டி.பி. வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது, லிச்செஸில் ஏழு காய் வரை இலவசமாகப் பார்க்கலாம். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 2012-இல் உருவாக்கிய லோமனோசோவ் பட்டியலில் 549 நகர்த்தலில் செக்மேட் ஆகும் நிலை ஒன்று கிடைத்தது. ஐம்பது நகர்த்தலில் காய் வெட்டும் சிப்பாய் நகர்வும் இல்லையென்றால் டிரா கேட்கலாம் என்ற விதி இருப்பதால் உண்மைப் போட்டியில் அது டிரா. இருந்தாலும் அந்த நகர்த்தல்களைப் போட்டுப் பாருங்கள், ஏன் அப்படி என்று ஒன்றுமே விளங்காது.

பலவீனமாக ஆடத் தெரிவதும் ஓர் அம்சம்தான், பயிற்சிக்கு அதுதான் முக்கிய அம்சம். ஸ்டாக்ஃபிஷின் பலத்தைக் குறைத்து வைத்தால் பத்து நகர்த்தல் உலக சாம்பியன் மாதிரி ஆடிவிட்டுப் பதினொன்றாவதில் குதிரையைச் சும்மா தூக்கிக் கொடுக்கும். நம் பக்கத்துத் தெருப் பையன் அப்படித் தப்பு செய்ய மாட்டான். அவன் பார்வையில் படாத இடத்தில்தான் தப்பு செய்வான். டொரான்டோ, கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மைக்ரோசாஃப்ட்டோடு சேர்ந்து 2020-இல் வெளியிட்ட மாயா, இதற்காகவே லிச்செஸ் ஆட்டக்காரர்களின் ஆட்டங்களில் பயிற்றுவிக்கப்பட்டது. 1100 முதல் 1900 வரை ஒவ்வொரு ரேட்டிங் படிக்கும் தனித்தனி மாயா. முன்னோக்கித் தேடுவதே இல்லை, அந்த ரேட்டிங்கில் மனிதர் என்ன ஆடுவாரோ அதை ஊகித்து ஆடும், பாதிக்கு மேல் சரியாகவே ஊகிக்கும். லிச்செஸில் அதோடு ஆடலாம். பலத்தில் ஸ்டாக்ஃபிஷ் பக்கத்தில்கூட வராது, ஆனாலும் 1500-இல் இருக்கும் பையனுக்கு ஆடிப் பழக நான் முதலில் சொல்வது இதைத்தான். குகேஷையே அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா கிராண்ட்மாஸ்டர் ஆகும் கட்டம்வரை எஞ்சின் பக்கம் விடவில்லை. அது எல்லாருக்கும் ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன், ஆட்டம் முடிந்த அடுத்த நிமிடமே எஞ்சினைத் திறப்பதில் ஆதாயம் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

கடைசியாகக் காசு. ஒரு காலத்தில் பணம் கொடுத்து வாங்கும் எஞ்சின்தான் பலமானது. ரிப்கா அப்படித்தான் கோலோச்சியது. பிறகு 2011-இல் கிராஃப்டி, ஃப்ரூட் என்ற எஞ்சின்களின் நிரலை எடுத்தாண்டதாகச் சொல்லி சர்வதேசக் கணினி விளையாட்டுச் சங்கம் அதன் உலகப் பட்டங்களைப் பறித்தது. 2021-இல் செஸ்பேஸ் நிறுவனம் காசுக்கு விற்ற ஃபேட் ஃப்ரிட்ஸ் 2, அடியில் ஸ்டாக்ஃபிஷ்தான். அதற்காக ஸ்டாக்ஃபிஷ் குழுவினர் செஸ்பேஸ் மேல் வழக்குப் போட்டு, 2022-இல் சமரசமானது. இன்று செஸ்பேஸ் மாதிரியான மென்பொருளுக்குக் கொடுக்கும் பணம் முகப்புக்கும் லட்சக்கணக்கான பழைய ஆட்டங்கள் கொண்ட தரவுத்தளத்துக்கும்தான். மாநிலப் போட்டிக்குப் போகிறவன் எதிராளியின் முந்தைய ஆட்டங்களைத் தேடிப் பார்க்க அது உதவும், அப்போது வாங்கலாம். எஞ்சினுக்காக மட்டும் என்றால் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.